வலப்பக்கம் இருந்த ஊர்

ஜோடுகல்லுக்குப் போகிறவர்கள் சூளகிரியில் டவுன் பஸ் ஏறி ஏரிக்கரையில் இறங்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சொன்னால் கண்டக்டர் விழிப்பார். ஏரிக்கரை என்றால்தான் டிக்கெட் கிழிப்பார். கரையைத் தாண்டினால் ராகிக் கொல்லைகள், அதற்கு மேல் முன்பு மாந்தோப்பு, அதற்கும் மேல் ஓடையை ஒட்டி ஏறும் வண்டிப்பாதை. மூச்சு வாங்க ஏறினால் பாதை ஒரு சப்பட்டைப் பாறையில் போய்ச் சேரும். அந்தப் பாறையில் நின்றால் மலையின் அமைப்பு முழுவதும் ஒரே பார்வையில் விளங்கிவிடும். எதிரே காடு, அது மேற்கே மடிந்து மடிந்து கர்நாடகம் வரை போகிறது. காட்டிலிருந்து இறங்கும் ஓடை பாறையைத் தொட்டுக்கொண்டு நேரே கீழே ஏரிக்குப் போகிறது. ஒரு பக்கம் ஆடுகூட ஏற முடியாத மொட்டைக் கல்சுவர். மறுபக்கம் லேசான ஏற்றம். ஏற்றத்தின் முடிவில், இரண்டு பெரிய குண்டுக் கற்களுக்கு நடுவே கொஞ்சம் சமதளம். அங்கேதான் முப்பது நாற்பது வீடுகள், ஒரு கோயில், ஒரு போர்வெல் குழாய், ஒரு துவக்கப்பள்ளி.

கீழிருந்து ஏறி வருகிறவர்களுக்கு ஊர் இடப்பக்கம். காட்டிலிருந்து இறங்கி வருகிற யானைக்கு வலப்பக்கம்.

யானைகள் ஒவ்வொரு வருடமும் ராகி முற்றும் சமயத்தில் கர்நாடகப் பக்கத்துக் காட்டிலிருந்து வரும். ஓடையோடு இறங்கும், சப்பட்டைப் பாறையில் கொஞ்சம் நிற்கும், நேரே கீழே போகும். ஏரியில் தண்ணீர், வழியில் ராகி. கீழ்க்கொல்லைக்காரர்கள் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள், வெடி போடுவார்கள், நஷ்டமும் படுவார்கள். ஆனால் பக்கத்தில் ஏற்றத்துக்கு மேலே ஒரு ஊர் இருக்கிறது என்பதை யானைகள் கண்டுகொண்டதே இல்லை. இறங்குகிற வழி எதிரிலேயே இருக்கும்போது எதற்காக ஏற வேண்டும்?

சென்னம்மா ஜூஜுவாடிப் பக்கத்திலிருந்து மாதப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். பஸ் நிற்காமல் போனாலும், ரேஷன் அரிசியில் கல் கிடந்தாலும், ஊருக்காகக் கோபப்படுகிற வேலையை அவளே எடுத்துக்கொள்வாள். மாதப்பன் அதற்கு நேர் எதிர். மாடு காலை மிதித்தால்கூட மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் என்று அவளே சொல்வாள். மாதப்பனுக்கு ஒரு தம்பி, ராஜ்குமார். சென்னம்மா கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். பாகம் பிரித்தபோது ஊரை ஒட்டிய மேல்நிலம் அண்ணனுக்கும் ஓடையை ஒட்டிய கீழ்நிலம் தம்பிக்கும் வந்தது. தம்பி சரிதாவைக் கட்டிக்கொண்டு சூளகிரியில் குடியேறினான். பெங்களூர்க்காரர்களுக்குப் பண்ணை மனை போட்டு விற்கிற ஒரு கம்பெனி வந்தபோது கீழ்நிலத்தை அவர்களிடம் விற்றான். பிறகு அவர்களிடமே சூப்பர்வைசராகச் சேர்ந்தான். பக்கத்து நிலத்துக்காரர்களும் விற்றார்கள். மாந்தோப்பு இருந்த இடத்தில் தார் ரோடும் விளக்குக் கம்பங்களும் வந்தன. ஊரார் அதை லேஅவுட் என்றார்கள்.

அந்தப் புரட்டாசியில் லேஅவுட்காரர்கள் ஜேசிபி வைத்துச் சப்பட்டைப் பாறைக்குக் கொஞ்சம் கீழே பள்ளம் வெட்டினார்கள். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு ஆழம், தாண்ட முடியாத அகலம். கல்சுவரில் தொடங்கி, ஓடையைக் குறுக்கே அறுத்து, வண்டிப்பாதையையும் அறுத்துக்கொண்டு நீளமாகப் போயிற்று. சென்னம்மா போய்க் கேட்டாள். ராஜ்குமார் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"யான வராம இருக்கறதுக்குத்தான் அண்ணி. நமக்கும் நல்லதுதானே."

"பாதைய வெட்டீட்டீங்களே, நாங்க எப்பிடி வர்றது?"

"பாலம் போட்டுத் தர்றோம். நான் இருக்கறேன்ல?"

அவன் இருக்கிறான் என்பதால் அவள் பேசாமல் போனாள். வேலை செய்தவர்களுக்கு டீ கூடப் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். பாலம் வரவில்லை. இரண்டு சிமென்ட் கரண்ட் கம்பங்களைப் பள்ளத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அதன் மேல் நடந்தார்கள். பையன்கள் பைக்கை உருட்டிக்கொண்டு தாண்டினார்கள்.

கார்த்திகையில் யானைகள் வந்தன.

விடிகிற நேரம். சென்னம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நாய்கள் குரைத்தன, சட்டென்று நிறுத்தின. அவை நிறுத்தியதுதான் அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஏற்றத்தின் முடிவில், கோயிலுக்குப் பக்கத்தில், இரண்டு பெரிய யானைகளும் ஒரு குட்டியும் நின்றிருந்தன. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் அவள் யானையைப் பார்த்ததில்லை. ராகிப் போர்கள் களத்தில் அடுக்கியிருந்தன. ஒரு யானை போரைக் கலைத்து உதறித் தின்னத் தொடங்கியது. இன்னொன்று களத்தை ஒட்டியிருந்த சரஸ்வதியின் சமையல்கட்டுச் சுவரில் தும்பிக்கையை வைத்து அழுத்திற்று. சுவர் உள்பக்கம் சரிந்தது. உள்ளே சரஸ்வதி இருந்தாள்.

அவள் புருஷன் திம்மராயன் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு குறுக்கே ஓடினான். யானை அவன் பக்கம் திரும்பியது. அந்த இடைவெளியில் சரஸ்வதி கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டாள். திம்மராயன் குண்டுக்கல்லின் மேல் ஏறினான். பனி ஈரத்தில் கால் வழுக்கி அந்தாண்ட விழுந்தான். யானை அவனைத் தேடவில்லை. சமையல்கட்டில் இருந்த ராகி மூட்டையை இழுத்துப் போட்டுத் தின்று முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது மற்ற இரண்டோடும் வந்த வழியே காட்டுக்குப் போயிற்று.

திம்மராயனால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு எலும்பு. தொட்டாலே அலறினான். கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏரிக்கரைக்கு ஆம்புலன்ஸ் வண்டி வந்து நிற்கிறது என்று போன் வந்துவிட்டது. பள்ளத்தருகே வந்ததும் எல்லோரும் நின்றார்கள். இரண்டு கம்பத்தின் மேல் ஒரு ஆள் நடக்கலாம். கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் எப்படி நடப்பார்கள்?

பள்ளத்தின் கரையைக் கடப்பாரையால் இடித்துப் படி மாதிரி செய்தார்கள். கட்டிலைக் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். அடியில் மழைத் தண்ணீர் முழங்கால் வரை சேறாக நின்றது. அந்தப் பக்கம் கரை சரிந்துகொண்டே இருந்தது. இரண்டு தடவை பாதி ஏற்றி மறுபடி இறக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் திம்மராயன் கத்தினான். மூன்றாவது தடவை அவன் கத்தவில்லை, மயங்கிவிட்டான். சரஸ்வதி பள்ளத்துக்குள் சேற்றில் நின்றபடி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று சென்னம்மாவைப் பார்த்து அழுதாள். சென்னம்மாவுக்கு அழுகை வரவில்லை. நேரே இறங்க முடிந்திருந்தால் இந்தக் கட்டில் இத்தனை நேரத்தில் ஏரிக்கரைக்குப் போயிருக்கும். நேரே இறங்க வழி இருந்தால் யானையும் ஊருக்கு வந்திருக்காது. இரண்டுக்கும் காரணம் ஒரே பள்ளம்தான் என்று அங்கே நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திம்மராயனையும் சரஸ்வதியையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிருஷ்ணகிரிக்குப் போயிற்று. சென்னம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. சேற்றுக் காலோடு லேஅவுட் ஆபீசுக்குள் நுழைந்தாள்.

மேனேஜர் ஜெகதீஷ் தெற்கத்திக்காரன், சின்ன வயது, மரியாதை தெரிந்தவன். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கம்மா. கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

அவள் உட்காரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பெரிய படம். மனைகள் கட்டம் கட்டமாக, தெருக்கள், நீச்சல் குளம், நடுவில் ஓடையை நீலக் கோடாக இழுத்து அதன் இருபுறமும் பூச்செடி. மேலே சிவப்புக் கோடு, அது பள்ளம். சிவப்புக் கோட்டுக்கு மேலே எல்லாம் ஒரே பச்சை. பச்சைக்குள் ஒரு மானும் ஒரு யானையும் வரைந்திருந்தது.

"எங்க ஊரு எங்க?" என்று கேட்டாள்.

"இது லேஅவுட் பிளான்தாம்மா. உங்க ஊரு இதுக்கு வெளியில வருது."

"வெளியில வந்தா பச்ச பெயின்ட் அடிச்சிருவீங்களா? எங்க வூடு இருக்கற எடத்துல மான் மேயுது."

ஜெகதீஷ் திரும்பிப் படத்தைப் பார்த்தான். அதில் ஊர் இல்லை என்பதையே அப்போதுதான் பார்க்கிறவன் மாதிரி இருந்தான்.

"நாங்க விசாரிக்காம எதுவும் செய்யலம்மா. எந்த எடத்துல வெட்டுனா யானை எங்கிட்டுப் போகும்னு கேட்டுத்தான் வெட்டுனோம். உங்க ஊர்க்காரரு, ராஜ்குமார் சாரே நேர்ல வந்து காமிச்சாரு. இந்தப் பாறைக்குக் கீழ வெட்டுங்க, எடது பக்கம் கல்லு, ஏற முடியாது, வலது பக்கமாத் திரும்பிப் போயிரும், அப்புறம் நமக்குத் தொந்தரவே இருக்காதுன்னாரு."

"வலது பக்கம்னா?"

"ஆமாம்மா."

"வலது பக்கம் என்னா இருக்குதுன்னு சொன்னானா?"

ஜெகதீஷ் படத்தில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தான்.

"நீ மேல ஏறி வந்து பாத்திருக்கறியா?"

"இல்லம்மா. அது காடுன்னு நெனச்சேன்."

கத்த வேண்டும் என்றுதான் சென்னம்மா வந்திருந்தாள். கத்த வரவில்லை. ஏழெட்டு வயதிலிருந்து அண்ணனோடு பரணில் காவல் இருந்தவன் ராஜ்குமார். குட்டியோடு வரும் கூட்டம் எங்கே நிற்கும், ஒற்றை ஆண் எங்கே திரும்பும், வெடி போட்டால் எந்தச் சரிவில் ஓடும் என்று ஊரில் அவனைவிடத் தெரிந்தவன் யாரும் இல்லை. தெரியாமல் சொல்லிவிட்டான் என்று நினைக்க ஒரு சின்ன இடமாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸில் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரி வார்டில் ராஜ்குமார் அவளுக்கு முன்பே வந்திருந்தான். திம்மராயனின் தலைமாட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டுகளும் வாழைப்பழச் சீப்பும் இருந்தன.

"வாங்க அண்ணி. டாக்டர்கிட்ட பேசீட்டேன். பிளேட் வச்சா நடந்துருவாருன்னு சொல்றாங்க."

"பள்ளத்துக்கு எடம் காட்டினது நீயா?"

அவன் முகம் மாறியது. "வாங்க, வெளிய போயிப் பேசலாம்."

"இங்கயே பேசு. இடுப்பு ஒடிஞ்சவரு இங்கதான் கெடக்கறாரு. அவரு கேக்க வேணாமா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரஸ்வதி எழுந்து நின்றாள்.

"யான எந்தப் பக்கம் திரும்பும்னு சொன்ன?"

"அண்ணி, கேட்டாங்க, சொன்னேன். நான் சொல்லலன்னா வேற எவனாச்சும் சொல்லப் போறான்."

"எவன் சொல்வான்? உன்னைத் தவிர எவனுக்குத் தெரியும்? அந்த மேனேஜரு பையன் வலது பக்கம் காடுன்னு நெனச்சுக்கினு உக்காந்திருக்கறான். அவனுக்குத் தெரியாது. உனக்கு? அங்க உங்கண்ணன் வூடு இருக்குதுன்னு தெரியாதா? நான் இருக்கறது தெரியாதா?"

ராஜ்குமார் குரலைத் தாழ்த்தினான். "அந்த ஊர்ல இனிமே என்னாண்ணி இருக்குது? பசங்கெல்லாம் கம்பெனி வேலைக்கு எறங்கீட்டாங்க. இன்னும் பத்து வருசத்துல அங்க ஒருத்தரும் இருக்கப் போறதில்ல. அத வுட்டுட்டுக் கீழ வாங்க. ஏரிக்கரையாண்ட உங்களுக்கு ஒரு எடம் நானே பாத்துத் தர்றேன்."

"நாங்க எறங்கி வரணும்னு யானைய அனுப்பினியா?"

கட்டிலில் இருந்து திம்மராயன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "சரசு, அந்தப் பழத்தையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கினு போவச் சொல்லு."

சரஸ்வதி எல்லாவற்றையும் பையில் போட்டு ராஜ்குமாரின் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

அன்று ஊருக்குத் திரும்பியதும் சென்னம்மா மாதப்பனிடம் சொன்னாள். "ஏதோ பேச்சுவாக்குல சொல்லியிருப்பான்" என்றான் அவன். அவள் அவனுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு அவனோடு பேசுவதை நிறுத்தினாள்.

அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகப் போனாள். பள்ளத்தை ஓடையின் அகலத்துக்கு மூடிவிட வேண்டும் என்றாள். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் இழுத்தார்கள். லேஅவுட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு வேலை போய்விடும் என்ற பயம். இதற்குள் லேஅவுட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: இரும்புப் பாலம் போட்டுத் தருகிறோம், டிராக்டரே போகலாம், பிரச்சினை வேண்டாம். கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். "பாலம் வருதுன்னா போதுமே, எதுக்கு வம்பு?" என்றார் ஒரு பெரியவர்.

"பாலம் நமக்கு. யானைக்கு?" என்றாள் சென்னம்மா.

"யானையும் பாலத்துல போவட்டும்" என்று யாரோ சொல்ல நாலு பேர் சிரித்தார்கள்.

"சிரிங்க. அது ஏறி வர வழிய அப்பிடியே வுட்டுட்டு நாம எறங்கி ஓடறதுக்கு ஒரு பாலம் போட்டுத் தர்றாங்க, சந்தோசமா வாங்கிக்குங்க. அன்னிக்குச் சரசு உள்ள இருக்கறப்பச் சுவரு சாஞ்சுது. நாளைக்கு யாரு வூட்டுச் சுவருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? அந்த ஓட என்னா அவங்க அப்பன் வூட்டு ஆஸ்தியா? மழத்தண்ணி போற ஓடைய வெட்டறதுக்கு அவங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?"

சிரிப்பு நின்றது. ஆனால் எல்லோரும் வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடப்பாரையும் மண்வெட்டியும் பாண்டுச் சட்டியுமாக அவளோடு இறங்கியவர்கள் ஊரில் பாதிப் பேர்தான். அதிலும் பெண்களே அதிகம். மாதப்பன் அவர்களோடு சேர்ந்து வரவில்லை. கொஞ்ச தூரம் பின்னால் நடந்து வந்து சப்பட்டைப் பாறையில் உட்கார்ந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமையை அவள் யோசித்துத்தான் சொல்லியிருந்தாள். அன்றுதான் மனை பார்க்கப் பெங்களூரிலிருந்து கார்கள் வரும்.

வெட்டிய மண் லேஅவுட் பக்கத்துக் கரையிலேயே மலையாகக் குவிந்து கிடந்தது. கம்பத்தின் மேல் நடந்து அந்தாண்ட போய் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள். வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் ஓடி வந்தார், போன் போட்டார். ஜெகதீஷும் ராஜ்குமாரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வெள்ளைக் கார்கள் மூன்று வந்து நின்றன. குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். காற்று நன்றாக இருக்கிறது என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"அம்மா, தயவுசெஞ்சு நிறுத்துங்க. உக்காந்து பேசுவோம்" என்றான் ஜெகதீஷ்.

யாரும் நிறுத்தவில்லை. காரில் வந்த ஒரு அம்மாள், கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, என்ன நடக்கிறது என்று கன்னடத்தில் கேட்டார். தன்னை யாரும் கன்னடத்தில் கேட்பார்கள் என்று சென்னம்மா எதிர்பார்க்கவில்லை. அது அவள் பிறந்த வீட்டுப் பாஷை.

"ஆனெ பர்த்ததெ அம்மா" என்றாள். யானை வரும். பிறகு கன்னடத்திலேயே மடமடவென்று சொன்னாள். கையை நீட்டிக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அந்தக் காடு, இந்த ஓடை, அந்தப் பாறை. அதுகள் காலங்காலமாக வருகிற வழி இது. நீங்கள் நிற்கிற இடம்தான் அது. இவர்கள் குறுக்கே வெட்டிவிட்டார்கள், யானை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, ஒரு ஆள் இடுப்பு முறிந்து படுத்திருக்கிறான். பள்ளம் எத்தனை மழைக்கு நிற்கும்? கரை சரிந்தால் யானை முதலில் இறங்குவது உங்கள் மனையில். வாங்குகிறீர்களா, வாங்குங்கள், ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

காரில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஜெகதீஷைப் பார்த்து, யானையே வராது என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார். ஜெகதீஷ் ராஜ்குமாரைப் பார்த்தான். ராஜ்குமார் மண்மேட்டின் மேல் ஏறி நின்று, சிரித்த முகத்தோடு அவர்களிடம் கன்னடத்தில் சொன்னான்.

"அவங்க எங்க அண்ணிதான் சார். கொஞ்ச நாளா மனசு சரியில்ல. எங்கண்ணன்கூடயும் சண்ட. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

சென்னம்மாவின் கையில் இருந்த சட்டி நழுவிற்று. அவள் முகம் முழுக்க ரத்தம் ஏறியது. மண்வெட்டியைத் தூக்கிவிடுவாள் என்றுதான் கூட நின்றவர்கள் பயந்தார்கள். இதற்காகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சரஸ்வதி அவள் தோளைப் பிடித்தாள்.

அப்போது மாதப்பன் கம்பத்தின் மேல் நடந்து வந்தான். அவனுக்கும் கன்னடம் தெரியும், ஆனால் அவன் தமிழில்தான் பேசினான், சத்தம் போடவில்லை.

"எம் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்ல. அவ சொல்றது நெசம். யான இப்பிடித்தான் வரும்." தம்பியைக் காட்டினான். "இவனுக்கும் தெரியும். நானும் இவனும் இதே எடத்துல காவலுக்கு இருந்திருக்கறோம்."

பிறகு கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்தான்.

"நகரு" என்றான் தம்பியிடம். "மண்ணு மேல நிக்கற."

ராஜ்குமார் நகர்ந்தான்.

கார்கள் அரை மணி நேரத்துக்குள் திரும்பிப் போயின. மத்தியானத்துக்குள் ஓடை இருந்த இடம் மட்டும் பள்ளம் மூடியாயிற்று. சாயங்காலம் போலீஸ் வந்தது. சென்னம்மாவையும் மாதப்பனையும் இன்னும் சிலரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அங்கே பெஞ்சில் உட்கார வைத்தார்கள், எழுதி வாங்கினார்கள். அடுத்தவர் நிலத்தில் நுழைந்து சேதம் செய்ததாகப் புகார். "ஓட யாரு நெலம்? அத மொதல்ல எழுதுங்க" என்று அவள் விடாமல் கேட்டாள். எழுதிக்கொண்டிருந்தவர் சலித்துப்போய், "இருங்கம்மா, அதையும் எழுதறேன்" என்றார்.

அதை எழுதியதுதான் நல்லதாயிற்று. விஷயம் தாலுக்கா ஆபீசுக்குப் போய், சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார். ஓடை புறம்போக்கு, மேலிருந்து ஏரி வரை அதன் அகலத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது என்று கல் நட்டார். பள்ளம் ஓடையின் இரண்டு பக்கத்திலும் நின்றுபோயிற்று. நீலக் கோடும் பூச்செடியும் போட்டிருந்த இடத்தை லேஅவுட்காரர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதை ஒட்டிய மனைகளை வாங்க ஆள் வரவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்களில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் இன்றைக்கும் சென்னம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் மேல் போட்ட கேஸும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா போய்வருகிறாள்.

யானைகள் அந்த மார்கழியிலேயே மறுபடி வந்தன. விடியற்காலை, பனிக்குள். ஊர்க்காரர்கள் குண்டுக்கல்லின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். சப்பட்டைப் பாறையில் நின்றுவிட்டு இறங்கிய முதல் யானை புது மண்ணைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது, ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தது, காலை எடுத்துக்கொண்டது. வலப்பக்கம் ஊரை நோக்கித் தலையைத் திருப்பியது. சரஸ்வதி சென்னம்மாவின் கையை நெரித்தாள்.

"போ" என்றாள் சென்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. "உனக்காகத்தானே இவ்வளவும். போய்த் தொல."

யானை மறுபடி காலை வைத்தது. அப்புறம் உடம்பை வைத்தது. பின்னாலேயே குட்டி, அதன் பின்னால் இன்னொன்று. ஓடையோடு நேரே கீழே இறங்கிப் போயின.

திம்மராயன் தைக்கு மேல் கோல் ஊன்றி வீடு திரும்பினான். சமையல்கட்டுச் சுவரை ஊரே சேர்ந்து எழுப்பிக் கொடுத்தது. ராஜ்குமாரை லேஅவுட்காரர்கள் வேறு ஒரு ஊரில் மனை போடுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு.

சித்திரையில் கோயில் பண்டிகைக்கு அவன் சரிதாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தான். வருடா வருடம் வருகிற வழக்கம். வராமல் இருக்க முடியவில்லை போல. மாதப்பன் வாசலில் நின்று "வாப்பா" என்றான். தம்பியைப் பார்த்ததில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னம்மா சரிதாவிடம் நன்றாகப் பேசினாள். பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பந்தியில் ஒவ்வொரு இலையாகச் சோறு போட்டுக்கொண்டு வந்தவள், ராஜ்குமாரின் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனாள்.

அவன் வெறும் இலையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"இன்னுமா அண்ணி கோவம்?"

"ஆமா" என்றாள் சென்னம்மா. "இன்னும்தான்."

மாதப்பன் எழுந்து போய்ச் சோற்றுக் குண்டானை எடுத்துவந்து தம்பிக்குத் தானே போட்டான். அவள் தடுக்கவில்லை. பிள்ளைகள் பாயசம் கேட்டன. அவள் உள்ளே போனாள்.